கமிட்டி அறிக்கை எப்படிச் சட்டமாகிறது?

கேட்டது டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கும் ஒரு பெண், ஜனக்புரிக்காரி. மலை மந்திரில் கிருத்திகை அபிஷேகம் முடிந்து படி இறங்கும்போது பிடித்துக்கொண்டாள். "அங்கிள், கமிட்டி போட்டாலே விஷயத்தை ஊறப்போடுறாங்கன்னுதானே அர்த்தம்? அதுலேர்ந்து சட்டம் எங்க வருது? 2023-ல வந்த புது கிரிமினல் சட்டங்களுக்கெல்லாம் கமிட்டி இருந்துச்சா?" பிரசாதத் தொன்னையைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லி முடிக்கிற விஷயமில்லை. அதனால் எழுதுகிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் டெல்லியில் மத்திய அரசு ஃபைல்களோடு குப்பை கொட்டியவன் நான். நடுவில் மூன்று கமிட்டிகளின் செயலகத்தில் வேலை பார்த்திருக்கிறேன்.

ஊறப்போடுவதற்காகவே போடப்பட்ட கமிட்டிகள் உண்டு, மறுக்க மாட்டேன். ஆனால் ஊறப்போட்டது எது, சட்டமாகக்கூடியது எது என்பதைப் போட்ட அன்றைக்கே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். அறிக்கையின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பார்க்கத் தெரிந்தால் போதும். அதற்கு வருகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். செய்தித்தாள்காரர்கள் கமிஷன், கமிட்டி எல்லாவற்றையும் ஒரே குழம்பில் போட்டுவிடுகிறார்கள். 1952-ஆம் ஆண்டின் விசாரணை ஆணையங்கள் சட்டத்தின்கீழ் அமைக்கப்படுவது ஒரு வகை. அதற்கு சிவில் நீதிமன்றத்தின் சில அதிகாரங்கள் உண்டு: சம்மன் அனுப்பலாம், பிரமாணம் செய்வித்து விசாரிக்கலாம், ஆவணங்களை வரவழைக்கலாம். அங்கே ஒருவர் சொன்ன வாக்குமூலத்தை அவருக்கு எதிராக வேறு வழக்கில் பயன்படுத்த முடியாது. பொய்ச் சாட்சி சொன்னதற்கான வழக்கு மட்டும் விலக்கு. இன்னொரு வகை, ஒரு அமைச்சகம் வெறும் உத்தரவு போட்டு அமைக்கும் நிபுணர் குழு. அதற்கு யாரையும் வரவழைக்கிற அதிகாரம் கிடையாது. கூப்பிட்டால் வருவார்கள், வராவிட்டால் அதுவரைதான். வேடிக்கை என்னவென்றால், அதிகாரமே இல்லாத இரண்டாவது வகையிலிருந்துதான் சட்டங்கள் அதிகம் வந்திருக்கின்றன.

2012 டிசம்பர் 16 அன்று ஓடும் பஸ்ஸில் ஒரு மாணவி கூட்டு வல்லுறவுக்கு ஆளான சம்பவத்துக்குப் பிறகு இந்த ஊரிலேயே இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தன. டிசம்பர் 23 அன்று நீதிபதி ஜே.எஸ். வர்மா தலைமையில் குழு. கூட இருந்தவர்கள் நீதிபதி லீலா சேத், கோபால் சுப்பிரமணியம். மூன்றே நாளில் நீதிபதி உஷா மெஹ்ரா தலைமையில் 1952 சட்டத்தின்கீழ் ஒரு ஆணையம். டெல்லியில் அன்றிரவு யார் எங்கே கோட்டைவிட்டார்கள் என்று பார்க்க வேண்டியது ஆணையத்தின் வேலை. சட்டத்தில் என்ன ஓட்டை என்று பார்க்க வேண்டியது குழுவின் வேலை. ஆணையம் சொன்னதில் நடைமுறைக்கு வந்த முக்கியமான விஷயம், பாதிக்கப்பட்ட பெண்களுக்கான ஒரே இட உதவி மையம். அது 2015-ல் அரசுத் திட்டமாக வந்தது. குழு சொன்னதிலிருந்து வந்தது இந்திய தண்டனைச் சட்டத்தின் திருத்தம்.

ஆணையத்துக்கும் சட்டம் இயற்றுவதற்கும் உறவே இல்லை என்று இதை வைத்து எழுதிவிடாதே, உன் பேராசிரியர் சண்டைக்கு வருவார். அந்த உறவைத் தெளிவாகச் சொன்ன தீர்ப்பே இருக்கிறது: 1958-ல் வந்த ராம் கிருஷ்ண டால்மியா எதிர் நீதிபதி தெண்டோல்கர். டால்மியா–ஜெயின் கம்பெனிகளில் முதலீட்டாளர் பணம் எப்படிக் கையாளப்பட்டது என்று விசாரிக்க 1956-ல் ஆணையம் அமைத்தார்கள். அதை எதிர்த்து டால்மியா தரப்பு நீதிமன்றம் போனது. ஆணையத்துக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இல்லை, அரசு என்ன சட்டம் கொண்டுவரலாம், என்ன நிர்வாக நடவடிக்கை எடுக்கலாம் என்று முடிவு செய்யத் தேவையான உண்மைகளைத் திரட்டிக் கொடுப்பதுதான் அதன் வேலை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அறிவிக்கையில் தண்டனை பற்றிப் பரிந்துரைக்கச் சொன்ன சொற்களை மட்டும் வெட்டியது. இனிமேல் இப்படி நடக்காமல் தடுக்க என்ன செய்யலாம் என்று பரிந்துரைப்பதை விட்டுவைத்தது. அதன் பிறகு விவியன் போஸ் தலைமையில் விசாரணை முடிந்து 1962-ல் அறிக்கை வந்தது. அந்த அறிக்கையைச் சட்டமொழிக்குக் கொண்டுவர தப்தரி–சாஸ்திரி குழு என்று இன்னொன்று போட்டார்கள். 1965-ல் கம்பெனிகள் சட்டம் திருத்தப்பட்டது. உண்மையைத் தோண்டி எடுக்க ஒரு கை, அதைச் சட்டமாக வார்க்க வேறொரு கை. இந்த இரட்டை ஏற்பாட்டைப் பிறகு நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன்.

இப்போது முதல் பக்கம். அங்கேதான் ஆய்வு வரம்பு இருக்கும். ஆபீஸில் நாங்கள் டி.ஓ.ஆர். என்போம். வெளியே யாரும் அதைப் படிப்பதில்லை, தலைவர் பெயரைத்தான் பார்ப்பார்கள். உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும், சண்டையெல்லாம் அந்த நாலு வரியில்தான் நடந்திருக்கும் என்று. "ஆராய்ந்து தேவையான நடவடிக்கைகளைப் பரிந்துரைக்க" என்று எழுதினால் கட்டுரை வரும். "வரைவு மசோதா ஒன்றைத் தயாரிக்க" என்று எழுதினால் மசோதா வரும். காலக்கெடுவும் அப்படித்தான். மூன்று மாதம் என்று போட்டு நாலு முறை நீட்டிப்புக் கொடுத்தால், அமைச்சருக்கு அவசரமில்லை என்று பியூனுக்குக்கூடப் புரிந்துவிடும்.

அப்புறம் உறுப்பினர் செயலர். தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி, உறுப்பினர்கள் பெரிய பெரிய ஆட்கள்; மாதம் ஒரு நாள் வருவார்கள், மதிய உணவோடு கிளம்புவார்கள். அறிக்கையை எழுதுவது பெரும்பாலும் உறுப்பினர் செயலரும் அவருக்குக் கீழே இருக்கும் நாலைந்து இளைஞர்களும்தான். அவர் அந்த அமைச்சகத்துக்காரராகவே இருந்தால் அறிக்கையும் அமைச்சகத்தின் குரலில் பேசும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அமைச்சகத்தின் குரலில் பேசுகிற அறிக்கைதான் சீக்கிரம் சட்டமாகிறது; அதில் புதிதாக எதுவும் இருக்காது என்பதுதான் அதற்குக் கொடுக்கிற விலை.

வர்மா குழுவின் ஆய்வு வரம்பை எடுத்துப் பார். கொடூரமான பாலியல் வன்முறை வழக்குகளில் விரைவான விசாரணை, கூடுதல் தண்டனை, அவ்வளவுதான். மூன்று பேரும் அந்த வரம்பை வைத்துக்கொண்டே போலீஸ் சீர்திருத்தம், ஆயுதப்படைகளுக்கான சிறப்பு அதிகாரச் சட்டம், தேர்தலில் நிற்பவர்களின் குற்றப் பின்னணி வரைக்கும் போய்விட்டார்கள். சுமார் 80,000 ஆலோசனைகள் வந்தன. ஒரே மாதம்தான். 2013 ஜனவரி 23 அன்று அறுநூறு பக்கத்துக்கு மேற்பட்ட அறிக்கையைக் கொடுத்துவிட்டார்கள். பின்னிணைப்பில் திருத்த மசோதாவின் வரைவும் இருந்தது. பிப்ரவரி 3 அன்று அவசரச் சட்டம், ஏப்ரலில் திருத்தச் சட்டம். பெண்ணைப் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது, அந்தரங்கத்தை ஒளிந்திருந்து பார்ப்பது, ஆசிட் வீச்சு இவையெல்லாம் தனித்தனிக் குற்றங்களாக வந்தது அதில்தான். புகாரைப் பதிவு செய்ய மறுக்கும் அதிகாரிக்குத் தண்டனை என்று 166ஏ பிரிவு வந்ததும் அதில்தான்.

எடுத்துக்கொண்டதைச் சொன்னேன், விட்டதையும் சொல்ல வேண்டும். மரண தண்டனை வேண்டாம் என்றது குழு. சில வகைக் குற்றங்களுக்கு அரசு அதைச் சேர்த்தது. திருமண உறவுக்குள் நடக்கும் வல்லுறவுக்கான விதிவிலக்கை நீக்கச் சொன்னது குழு, அரசு நீக்கவில்லை. சிறப்பு அதிகாரச் சட்டம் பற்றிச் சொன்னதைத் தொடவே இல்லை. ஆய்வு வரம்புக்குள் இருந்தது பெரும்பாலும் சட்டமாயிற்று, வரம்பைத் தாண்டிப் போனது பெரும்பாலும் தாளிலேயே நின்றது. ஆனால் நின்றது வீணாகவில்லை. திருமண விதிவிலக்கை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தபோது வாதாட வந்தவர்கள் கையில் இருந்தவற்றில் அந்த அறிக்கையும் ஒன்று.

இனி கடைசிப் பக்கம், அதாவது பின்னிணைப்பு. அறிக்கையோடு மசோதா வரைவு ஒட்டியிருந்தால் அதற்குக் கால் முளைத்துவிட்டது என்று அர்த்தம். டி.கே. விஸ்வநாதன் தலைமையிலான திவால் சட்டச் சீர்திருத்தக் குழு 2014-ல் அமைக்கப்பட்டது. 2015 நவம்பரில் இரண்டு தொகுதிகளாக அறிக்கை கொடுத்தது: ஒன்றில் காரணங்கள், மற்றொன்றில் வரைவுச் சட்டம். டிசம்பரில் மக்களவையில் மசோதா, 2016 மே மாதம் சட்டம். தலைவர் முன்னாள் சட்டத்துறைச் செயலர், மக்களவையின் முன்னாள் தலைமைச் செயலர். மசோதா எந்த வாசலில் நுழைந்து எந்த வாசலில் வெளியே வரும் என்று வீட்டு வரைபடம் தெரிந்தவர். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது.

வரைவு ஒட்டியிருந்தாலும் அப்படியே போய்விடாது. அமைச்சகம் அதைப் பிரித்துப் போட்டு, எதை ஏற்பது எதை விடுவது என்று அட்டவணை போடும். மற்ற அமைச்சகங்களுக்குச் சுற்றுக்கு விடும். பிறகு அமைச்சரவையின் ஒப்புதலுக்கு வைக்கும் குறிப்பு, அதாவது கேபினட் நோட். சட்ட அமைச்சகத்தில் ஒரு துறை, இது அரசியலமைப்புக்கு ஒத்துவருமா என்று பார்க்கும். இன்னொரு துறை மசோதாவை எழுதும். இரண்டும் என் காலத்தில் சாஸ்திரி பவனில்தான். எழுதும் துறையில் இருப்பவர்கள் தனிச் சாதி. உலகப் புகழ் பெற்ற நீதிபதி எழுதிய வாக்கியமாக இருந்தாலும் அடித்துவிட்டு அவர்கள் பாணியில் எழுதுவார்கள். ஒரு "may" இடத்தில் "shall" வந்ததா என்பதற்காக ஒரு மதியம் முழுக்க வாக்குவாதம் நடந்ததைப் பார்த்திருக்கிறேன். 2014-ல் இன்னொரு படி சேர்ந்தது: மசோதா வரைவை குறைந்தது 30 நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று கொள்கை முடிவு. கொள்கைதான், சட்டமில்லை, வசதிப்படும்போது கடைப்பிடிக்கிறார்கள்.

இந்தச் சுற்றில் அறிக்கை எப்படி உருமாறும் என்பதற்குத் தனிநபர் தரவுச் சட்டத்தைப் பார். 2017 ஜூலையில் நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு. டெல்லி, ஹைதராபாத், பெங்களூரு, மும்பை என்று நாலு ஊரில் கருத்துக் கேட்டார்கள். சென்னை அந்தப் பட்டியலில் இல்லை, எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. 2018 ஜூலையில் அறிக்கையும் மசோதா வரைவும். 2019-ல் அரசு தன் கைவரிசையைக் காட்டி வேறொரு மசோதாவைக் கொண்டுவந்தது. அரசு அமைப்புகளுக்குக் கொடுத்த விலக்குகளைப் பார்த்து ஸ்ரீகிருஷ்ணாவே வெளிப்படையாகக் கண்டித்தார். நாடாளுமன்றக் கூட்டுக்குழு இரண்டு வருஷம் உட்கார்ந்து 81 திருத்தங்களைச் சொன்னது. 2022 ஆகஸ்டில் மசோதா வாபஸ். ஒரு வருஷம் கழித்து, பாதிக்கும் மேல் இளைத்துப்போன புதிய சட்டம். இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஸ்ரீகிருஷ்ணா குழுவில் இரண்டு உறுப்பினர்கள், தரவின் பிரதியை இந்தியாவிலேயே வைத்தாக வேண்டும் என்ற பரிந்துரையை ஏற்காமல் மாறுபட்ட குறிப்பு எழுதினார்கள். அன்றைக்கு அது தோற்ற கட்சி. 2023 சட்டத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. அரசு தடை செய்கிற நாடுகளைத் தவிர மற்ற இடங்களுக்குத் தரவு போகலாம் என்றுதான் இருக்கிறது. அறிக்கை படிக்கும்போது மாறுபட்ட குறிப்பைத் தாண்டிப் போகாதே. அடுத்த சட்டம் சில சமயம் அதிலிருந்துதான் வருகிறது.

தமிழ்நாட்டு உதாரணம் கேட்பாய் என்று தெரியும். ஆன்லைன் ரம்மியைத் தடுக்க 2021-ல் கொண்டுவந்த திருத்தத்தை சென்னை உயர் நீதிமன்றம் அதே வருஷம் ஆகஸ்டில் ரத்து செய்தது. இவ்வளவு பெரிய தடைக்கு ஆதாரமான ஆய்வு எங்கே என்பது நீதிமன்றம் எழுப்பிய கேள்விகளில் ஒன்று. அடுத்த முறை அரசு புத்தியோடு நடந்துகொண்டது. 2022 ஜூனில் நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டு, இரண்டே வாரத்தில் அறிக்கை வாங்கி, அதன்மேல் சட்டத்தைக் கட்டியது. ஆளுநர் திருப்பி அனுப்பினார், சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றியது, 2023 ஏப்ரலில் ஒப்புதல். நவம்பரில் வழக்கு வந்தபோது சட்டம் முழுசாக விழவில்லை. ரம்மியையும் போக்கரையும் தடைப்பட்டியலிலிருந்து நீதிமன்றம் எடுத்தது. கமிட்டி அறிக்கை சட்டத்துக்குப் போடுகிற கவசம் என்று இதை வைத்துக்கொள்ளலாம், ஓட்டையில்லாத கவசம் என்று சொல்ல மாட்டேன்.

ஒரே வழியில் இரண்டு முறை போய் இரண்டு இடத்தில் முடிந்த கதையும் உண்டு. 2006-ல் முனைவர் மு. ஆனந்தகிருஷ்ணன் குழு, தொழிற்படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வு வேண்டாம் என்றது. அதை வைத்து வந்த சட்டத்துக்கு குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்து 2007-ஆம் ஆண்டின் 3-ஆம் சட்டமாயிற்று. 2021-ல் நீட் பற்றி ஆராய்ந்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழுவுக்கு 86,342 பேர் கருத்து அனுப்பினார்கள். அதே 2007 சட்டத்தைப் போல ஒன்றைக் கொண்டுவரலாம் என்றது குழு. செப்டம்பரில் மசோதா நிறைவேறியது, ஆளுநர் திருப்பினார், 2022 பிப்ரவரியில் மீண்டும் நிறைவேறியது, கடைசியில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். நடுவில் நீதிபதி கலையரசன் குழு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 10 சதவீதம் என்று பரிந்துரைத்து, அரசு 7.5 சதவீதமாக்கி, 2020 அக்டோபரில் அது சட்டமான கதை வேறு. மாநிலப் பட்டியலா, பொதுப் பட்டியலா, மத்தியச் சட்டத்தோடு மோதுகிறதா என்பதையெல்லாம் எந்த நல்ல அறிக்கையாலும் மாற்ற முடியாது.

இப்போது ஒரு சொந்தக் கதை. நான் செயலகத்தில் இருந்த ஒரு கமிட்டி தொழிலாளர் சம்பந்தப்பட்டது. பொதுமக்கள் கருத்துக் கேட்டு இங்கிலீஷிலும் இந்தியிலும் விளம்பரம் போட்டார்கள். எப்படியோ விஷயம் தெரிந்து தமிழில் ஒரு கட்டு போஸ்ட் கார்டு வந்தது. எங்கள் ஆபீஸில் அதற்கென்று ஒரு ஃபைல் திறந்தார்கள், மேலே "இதர மொழிகள்" என்று எழுதி அலமாரியில் வைத்தார்கள். தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நாலு சாயங்காலம் உட்கார்ந்து படித்தேன். பீடி சுற்றும் ஒரு அம்மா எழுதியிருந்தார்: இலையைக் குறைத்துக் கொடுத்துவிட்டு எண்ணிக்கையை மட்டும் முழுசாகக் கேட்கிறார்கள், குறைகிற இலையை நாங்கள் காசு போட்டு வாங்குகிறோம், அது எந்தக் கூலிக் கணக்கிலும் வராது என்று. முன்னால் உட்கார்ந்து சாட்சி சொன்ன எந்தச் சங்கத் தலைவரும் அதைச் சொல்லவில்லை. ஒரு பக்கத்துக்கு இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தேன். பின்னிணைப்பில் சின்ன எழுத்தில் போட்டார்கள். சட்டத்தில் வரவில்லை.

இந்த மொழி விஷயத்தில் நீதிமன்றம் ஒருமுறை பேசியிருக்கிறது. 2020-ல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் வரைவு இங்கிலீஷிலும் இந்தியிலும் மட்டும் வந்தபோது, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் மொழிபெயர்த்து வெளியிடச் சொன்னது டெல்லி உயர் நீதிமன்றம். அமைச்சகம் அதற்கு உடனே தலையாட்டிவிடவில்லை என்பதையும் தேடிப் படித்துக்கொள். சுவீடனில் கமிட்டி அறிக்கையை அச்சிட்டு, சம்பந்தப்பட்ட அமைப்புகளுக்கெல்லாம் அனுப்பிப் பதில் வாங்குவது வழக்கமான ஒரு கட்டம். கூப்பிடாதவர்களும் பதில் எழுதலாம். பிறகு பல மசோதாக்கள் மூத்த நீதிபதிகள் கொண்ட ஒரு சபையின் பார்வைக்கும் போகும். சின்ன நாடு, ஒரே பெரிய மொழி, அவர்களுக்குச் சுலபம் என்று சொல்லலாம். சொல்லிவிட்டு நாம் சும்மா இருந்துவிடுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

கமிட்டியே இல்லாமல் வந்த சட்டம் என்ன ஆகும் என்பதை இந்த ஊர்க்காரர்கள் ஒரு வருஷம், விவசாயிகள் உட்கார்ந்து போராடிய சிங்கு, டிக்ரி எல்லைகளில் பார்த்தோம். மூன்று வேளாண் சட்டங்களும் 2020 ஜூனில் நேரே அவசரச் சட்டமாக வந்தன. 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அவற்றை நிறுத்திவைத்து ஒரு குழு போட்டது. குழந்தை பிறந்த பிறகு வளைகாப்பு மாதிரி. அந்த வருஷம் முடிவதற்குள் சட்டங்களே போய்விட்டன. அங்கே கோஷத்தில் கேட்ட பெயர் எம்.எஸ். சுவாமிநாதன், நம் கும்பகோணத்துக்காரர். அவர் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம் 2006-ல் கொடுத்த ஆதரவு விலைப் பரிந்துரை இன்னும் சட்டமாகவில்லை.

சட்ட மாணவர்கள் வாதாடிப் பழகுகிற உன் மூட் கோர்ட்டுக்கு உதவுகிற ஒன்று. சட்டம் பிறந்த பிறகும் அறிக்கைக்கு வேலை இருக்கிறது. முன்ஜாமீன் என்ற ஏற்பாடே 1969-ல் வந்த சட்ட ஆணையத்தின் 41-ஆவது அறிக்கையிலிருந்து 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குள் வந்தது. 1980-ல் குர்பக்ஷ் சிங் சிப்பியா வழக்கில் அதற்கு அர்த்தம் சொல்ல உட்கார்ந்த நீதிபதிகள் அந்த அறிக்கையை எடுத்துப் படித்தார்கள். சட்டத்துக்கு முன்னால் வந்த குழு அறிக்கையைப் பொருள்கொள்ளத் துணைக்கு எடுக்கலாம் என்று 1984-ல் அந்துலே வழக்கிலும் சொல்லியிருக்கிறார்கள்.

அதனால்தான் உன் மூன்றாவது கேள்விக்கு என் பதில் கொஞ்சம் கசப்பாக இருக்கும். ஆம், குழு இருந்தது. 2020 மே மாதம், ஊரடங்கின் நடுவில், துவாரகாவில் இருக்கும் தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த ரண்பீர் சிங் தலைமையில் போட்டார்கள். இணையத்தில் கேள்வித்தாள் போட்டுக் கருத்துக் கேட்டார்கள். 2023 ஆகஸ்டில் மூன்று மசோதாக்களும் வந்தபோது அந்தக் குழுவின் அறிக்கை வெளியிடப்படவில்லை. ஒரு சொல்லை ஏன் எடுத்தார்கள், ஒரு பிரிவை ஏன் சேர்த்தார்கள் என்று நாளைக்கு ஒரு நீதிபதி கேட்டால் கையில் எடுத்துப் படிக்க அந்த அறிக்கை இல்லை. இருப்பது நாடாளுமன்றத்தின் உள்துறை நிலைக்குழுவின் 246, 247, 248-ஆவது அறிக்கைகள். 246-ஐ முதலில் எடு. இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த நியாய சன்ஹிதா பற்றியது. அதில் எதிர்ப்புக் குறிப்பு எழுதிய எம்.பி.க்களின் பக்கங்கள் கடைசியில் இருக்கும், அங்கிருந்து ஆரம்பி.